மெழுகை மறுபடி உருக்கலாம்!

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

பள்ளியில் படித்த நாட்களில் பேச்சுப் போட்டி என்றால் முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிடுவேன். ஆசிரியர் தினத்தன்று ஆசிரியர் மெழுகுவர்த்தி. அன்னையர் தினத்தன்று அன்னை மெழுகுவர்த்தி. தியாகிகளைப் பற்றிப் பேசினால் அவர்களும் மெழுகுவர்த்திகள். "தன்னை உருக்கிப் பிறருக்கு ஒளி தருவது" என்று குரலை உயர்த்தி முடித்தால் கைதட்டலுக்குக் குறைவிருக்காது. இப்படி எத்தனையோ முறை மேடையில் ஏற்றிய அந்த மெழுகுவர்த்தியை எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு நாளும் நான் எண்ணிப் பார்த்ததில்லை. சென்ற கோடை விடுமுறையில்தான் அதைச் செய்து பார்க்கும் ஆசை வந்தது. அதில் நான் பட்ட பாட்டையும், அதனால் என் மனத்தில் எழுந்த ஒரு கருத்தையும் தோழர் தோழியர் முன்னும் பேராசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சில சொற்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தந்தையார் லாரிகளில் பாரம் ஏற்றும் தொழிலாளி. தாயார் சாத்தூர்ப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அன்று பிடித்த குச்சியை அவர் கை இன்னும் விடவில்லை. எங்கள் பக்கத்தில் 'கட்டை அடுக்குதல்' என்பார்கள். பள்ளம் வெட்டிய சட்டங்களுக்கு நடுவே குச்சிகளை வரிசையாக வைத்து இறுக்குகிற வேலை. இப்போது பல ஆபீசுகளில் இயந்திரம் வந்துவிட்டது. ஆயினும் அம்மாவின் விரல் நுனிகள் அந்தக் காலத்தை மறக்கவில்லை.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வரும் மாணவிக்கு ஒரு பெரிய பயம் உண்டு. தவறு செய்யும் பயம். வசதி உள்ள வீட்டுப் பிள்ளை ஒரு பாடத்தில் தவறினால் அதற்குப் பெயர் அரியர். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லே கிடையாது. 'பாஸ்', 'பெயில்' இரண்டுதான் தெரியும். பெயில் என்றால் படிப்பு நிற்கும். படிப்பு நின்றால் ஆபீசுக்குப் போக வேண்டும். முதல் பருவத்தில் துணைப்பாடமான கணிதத்தில் நான் தேறவில்லை. ஏப்ரலில் மீண்டும் எழுதினேன். விடுமுறையில் முடிவு வந்தபோது மறுபடியும் தேறவில்லை. இதை வீட்டில் சொல்லவில்லை. சொல்லாத ஒன்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல்தான், உண்மையில், மெழுகைக் கையில் எடுத்தேன்.

புதுமைப் பெண் திட்டத்தில் வந்த பணத்திலிருந்து 180 ரூபாய் கொடுத்து ஒரு கிலோ பாரஃபின் மெழுகு வாங்கினேன். '58-60' என்று கடைக்காரர் சொன்னார். அது அந்த மெழுகின் உருகுநிலை என்று எனக்குப் பட்டென்று விளங்கியது. படித்த படிப்பு கடையில் ஒரு நொடி உதவியதில் பெருமைதான். அதற்குப் பிறகு பல நாட்களுக்கு அது உதவவில்லை.

பெட்ரோலியத்தைச் சுத்திகரிக்கையில் கிடைக்கும் பொருள் பாரஃபின் மெழுகு. இருபது முதல் நாற்பது கரி அணுக்கள் வரை நீளும் சங்கிலிகளின் கலவை. இதைத் தேர்வில் எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். அடுப்பங்கரையில் நின்றபோது எழுந்த கேள்விகள் வேறு. எந்தப் பாத்திரத்தில் உருக்குவது? எதில் ஊற்றுவது? திரிக்கு எதைப் போடுவது?

பெரிய சட்டியில் தண்ணீர் வைத்து, அதனுள் ஒரு பழைய தகர டப்பாவை இறக்கி, டப்பாவில் மெழுகை இட்டு உருக்கினேன். மெழுகை ஒருபோதும் நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது. சூடு ஏற ஏற அதிலிருந்து எழும் ஆவி தீப்பற்றிக்கொள்ளும். தண்ணீருக்குள் வைத்தால் கொதிநீரின் சூட்டுக்கு மேல் மெழுகு போகாது. தப்பித்தவறித் தீப்பற்றினாலும் தண்ணீர் ஊற்றலாகாது. அடுப்பை அணைத்து, மூடி போட்டு மூட வேண்டும். இதைச் செய்து பார்க்க நினைக்கும் தோழியர் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

அச்சுக்குப் பப்பாளி இலைக் காம்பு. 2012-ஆம் ஆண்டு வாக்கில் மின்வெட்டு நீண்டிருந்த இரவுகளில், எரிந்து தீர்ந்த துண்டு மெழுகை உருக்கித் தெருப்பிள்ளைகள் காம்பில் ஊற்றி விளையாடியது எனக்கு நினைவிருந்தது. திரிக்கு வீட்டிலிருந்த விளக்குத் திரியும் தையல் நூலும்.

முதல் நாள் ஆறு செய்தேன். இரண்டு, காம்பின் அடியை நான் சரியாக அடைக்காததால் ஒழுகித் தரையில் கொட்டின. தையல் நூல் போட்ட மூன்றும் ஏற்றிய சில நிமிடங்களில், தாம் உருக்கிய மெழுகிலேயே மூழ்கி அணைந்தன. விளக்குத் திரி போட்ட ஒன்று மட்டும் எரிந்தது. எரிந்தது என்பதைவிடப் புகைந்தது என்பதே சரி. சுவரில் கரி ஏறிற்று. ஆறில் ஒன்றும் தேறவில்லை. கணிதமாவது ஒரு தாள்தான்!

அன்றிரவு ஏன் என்று எண்ணினேன். மெழுகு திரியின் இழைகளுக்கு நடுவே ஏறுவது நுண்புழை ஏற்றம், இயற்பியலில் படித்ததுதான். நூல் மெலிந்தால் ஏறும் மெழுகு போதாமல் சுடர் சிறுக்கிறது, அணைகிறது. திரி தடித்தால் மெழுகு அளவுக்கு மீறி ஏறி, முழுவதும் எரிய முடியாமல் கரியாகிறது. அப்படியானால் மெழுகுவர்த்தியின் கனத்துக்கு ஏற்ற திரி வேண்டும். அந்த அளவு எவ்வளவு? எந்தப் பாடநூலில் தேடுவது? தேடவில்லை. ஒழுகியதையும் அணைந்ததையும் சுரண்டி எடுத்து டப்பாவில் போட்டு மறுபடி உருக்கினேன்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இந்த ஒரு செய்கையைத்தான். மெழுகை மறுபடி உருக்கலாம். தவறிப்போன மெழுகுவர்த்தி வீணாவதில்லை. அடுத்த நாள் அதே மெழுகு புதிதாக வந்து நிற்கிறது. நேற்று தவறினாய் என்று அது சொல்லிக் காட்டுவதில்லை.

பருத்தி நூலைப் பல இழைகள் சேர்த்து, தலைமுடி பின்னுவதுபோல மூன்று புரியாகப் பின்னினேன். பின்னிய திரிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. எரிகையில் அதன் நுனி வளைந்து சுடரின் ஓரத்துக்கு வரும். அங்கே காற்றுப் பட்டு முழுவதும் சாம்பலாகும். இது 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரான்சில் கண்டறியப்பட்ட வழி. அதற்கு முன்பெல்லாம் எரியும் மெழுகுவர்த்தியின் அருகிலேயே இருந்து, கருகி நீளும் திரியை அடிக்கடி கத்தரிக்க வேண்டியிருந்தது. ஒரு பின்னல் அந்தத் தொல்லையை ஒழித்தது!

திரி சரியானதும் வேறு குறைகள் தலைகாட்டின. மெழுகு இறுகியபின் திரியைச் சுற்றிப் பள்ளம் விழுந்தது. தண்ணீர் உறைந்தால் பருக்கும். மெழுகோ உறையும்போது சுருங்கும். பாதி இறுகியதும் திரியோரம் ஒரு குச்சியால் குத்தித் துளையிட்டு, மிச்ச மெழுகை இரண்டாம் முறை ஊற்ற வேண்டும் என்பதை மூன்றாம் நாள் கற்றேன். நான்காம் நாள் அச்சுக்குள் இருந்த சொட்டுத் தண்ணீரைக் கவனியாமல் ஊற்றியதில் மெழுகு தெறித்து மணிக்கட்டைச் சுட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. பிறகு மே மாத வெயில். தகரக் கூரையின் கீழ் நிமிர்த்தி வைத்த மெழுகுவர்த்திகள் மாலையில் வந்து பார்த்தால் வணக்கம் சொல்வதுபோல் வளைந்திருந்தன. பத்துப் பங்குக்கு ஒரு பங்கு ஸ்டியரிக் அமிலம் சேர்த்தபின் அவை ஓரளவு நிமிர்ந்தன.

ஒவ்வொன்றையும் ஒரு பழைய நோட்டில் எழுதி வந்தேன். தேதி, திரியின் இழைகள், ஊற்றிய விதம், எரிந்த நேரம், என்ன ஆயிற்று. 'அணைந்தது', 'ஒழுகியது', 'வளைந்தது' என்றே பக்கங்கள் நிறைந்தன. எழுதும்போது ஓர் உண்மை என்னைச் சுட்டது. என் கல்லூரி ரெக்கார்டு நோட்டில் இப்படி ஒரு சொல் கூட இல்லை!

தோழர்களே, நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். பருமனறி பகுப்பாய்வு வகுப்பில் நமக்குக் கிடைத்த அளவை நாம் எத்தனை முறை உள்ளபடி எழுதியிருக்கிறோம்? அடுத்த மேசையில் என்ன வந்தது என்று எட்டிப் பார்த்துவிட்டு, பியூரெட் காட்டிய அளவைத் திருத்தி எழுதியவர்களில் நானும் ஒருத்தி. சோம்பலால் அவ்வாறு செய்யவில்லை. பயத்தால் செய்தேன். தவறான விடைக்கு மதிப்பெண் போய்விடும். மதிப்பெண் போனால் எல்லாம் போய்விடும் என்ற பயம். விடையை முன்பே தெரிந்துகொண்டு செய்வது சோதனையாகுமா? மெழுகுவர்த்தியிடம் அந்த வித்தை பலிக்காது. அடுத்த வீட்டு மெழுகுவர்த்தி நன்றாக எரிகிறது என்று எழுதிவைத்தால் நம் வீட்டு மெழுகுவர்த்தி எரியுமா?

இனி அம்மாவின் செய்திக்கு வருகிறேன். முதல் நாளே அவருக்கு வருத்தம். "இந்த மெழுகு நாத்தம் உனக்கு வேண்டாம்னுதான தாயி காலேசுக்கு அனுப்புனேன்?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேலை முடிந்து வந்து, முகம் கழுவிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பார்.

அப்போது பப்பாளிக் காம்பை விட்டுத் தகரக் குழாயை அச்சாக்கியிருந்தேன். வெளியே எடுத்தால் மெழுகுவர்த்தி முழுவதும் வெள்ளை வெள்ளையாக வளையங்கள். ஒரு வாரம் முயன்றும் அவை போகவில்லை. மெழுகின் தரம் குறைவு, நூல் சரியில்லை என்றெல்லாம் நோட்டில் காரணம் எழுதினேன். ஒரு மாலை அம்மா அந்த மெழுகுவர்த்தியை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார்.

"குழாயச் சூடு பண்ணுனியா?"

"மெழுகைத்தானம்மா சூடு பண்ணணும்?"

"குச்சிய மெழுகுல முக்குறதுக்கு முன்னால கட்டையோட தகட்டுல வச்சுச் சூடு ஏத்துவாக. பச்சைக் குச்சிய முக்குனா மெழுகு உள்ள எறங்காது. மேலயே வெள்ளையா நிக்கும். ஒன் குழாயும் குளுந்துதான கெடக்கு?"

தீக்குச்சியின் தலையில் பற்றிய நெருப்பு மரத்துக்குத் தாவ வேண்டும் என்பதற்காகவே குச்சியை மெழுகில் முக்குகிறார்கள். அதை நான் அறிந்திருந்தேன். அதற்கு முன் குச்சியைச் சூடாக்குவதை அறியேன். குழாயை வெந்நீரில் போட்டெடுத்து, ஈரம் போகத் துடைத்து, சூடு ஆறுவதற்குள் ஊற்றினேன். மறுநாள் வளையம் இல்லை. குளிர்ந்த உலோகத்தைத் தொட்ட கணமே மெழுகு அடுக்கடுக்காக உறைந்து நின்றதுதான் குறை என்பதை அதன் பிறகு என் படிப்பைக் கொண்டு விளக்கிக்கொண்டேன். விளக்கம் எனக்குத் தெரிந்தது. செய்ய வேண்டியது அவருக்குத் தெரிந்தது. இத்தனை ஆண்டுகள் மேடைதோறும் அம்மாவை மெழுகுவர்த்தி என்று சொன்ன நான், மெழுகைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அன்று இரவு கணிதத் தாளைப் பற்றிச் சொன்னேன். இரண்டு முறை என்றும் சொன்னேன். அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மறுபடி எழுத எவ்வளவு பணம் கட்டணும்?" என்று கேட்டார். அவ்வளவுதான். ஆறு மாதம் நான் சுமந்த பயத்துக்கு அந்த ஒரு கேள்விதான் விடை. சென்ற நவம்பரில் எழுதி 43 மதிப்பெண்ணில் தேறினேன். பெருமைப்படும் மதிப்பெண் அன்று. ஆனால் ஒவ்வொரு எண்ணும் என்னுடையது.

பிற்பாடு ஒரு பேராசிரியர் மைக்கேல் பாரடே பற்றிச் சொன்னார். நாம் ஏட்டில் வரைந்து வரைந்து சலித்த பென்சீனை 1825-இல் முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர் அவர். 1791-இல் ஒரு கொல்லர் வீட்டில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. புத்தகம் கட்டும் கடையில் ஏழாண்டுகள் தொழில் பழகி, கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்து அறிவியலுக்குள் வந்தார். அவரே 1860-ஆம் ஆண்டின் இறுதியில் லண்டனில் இளைஞர்களுக்கு ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். ஆறுக்கும் பொருள் ஒரு மெழுகுவர்த்தி! இயற்கையை அறிய இதைவிட நல்ல வாசல் இல்லை என்பது அவர் கருத்து. மெழுகுவர்த்தியை ஊதி அணைத்ததும் எழும் வெண்புகையில் தீக்குச்சியைக் காட்டினால், திரியைத் தொடாமலே நெருப்பு புகைவழி இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும் என்று அவர் காட்டினார். என் வீட்டு மெழுகுவர்த்தியிலும் காட்டலாம். எரிவது திரியும் அன்று, உருகிய மெழுகும் அன்று. மெழுகின் ஆவி என்பதற்கு அதுவே சான்று.

இதையெல்லாம் கேட்டதும் பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "இதில் எவ்வளவு லாபம்?" அத்தை கேட்டார், பக்கத்து வீட்டார் கேட்டனர், வகுப்புத் தோழியரும் கேட்டனர். வீட்டிலிருந்தே மெழுகுவர்த்தி செய்து மாதந்தோறும் பல்லாயிரம் சம்பாதிக்கலாம் என்று ஆசை காட்டும் விளம்பரங்களும் உண்டு. நான் வணிகம் கற்றவள் அல்லள். ஆயினும் ஒன்று சொல்வேன். சிறுதொழில்களுக்கென்று நம் நாட்டில் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த பொருள்களின் பட்டியலில் கடைசிவரை இருந்த இருபதில் மெழுகுவர்த்தியும் ஒன்று, தீப்பெட்டியும் ஒன்று. 2015-ஆம் ஆண்டு ஏப்ரலில் அந்த ஒதுக்கீடும் நீங்கிவிட்டது. அதன்பின் பெரிய ஆலைக்கும் அடுப்பங்கரைக்கும் ஒரே சந்தைதான். அதில் நின்று பிழைப்பது தனித் திறமை. அதைக் கற்போரை வணங்குகிறேன். என் நோக்கம் அதுவன்று.

ஏழை வீட்டுப் பிள்ளை எதைத் தொட்டாலும் அது காசாக வேண்டும் என்று உலகம் எதிர்பார்க்கிறது. வசதியுள்ளவன் செய்தால் பொழுதுபோக்கு. நாம் செய்தால் பிழைப்பு. ஏன் அப்படி? வெறும் ஆவலுக்காக ஒன்றைக் கற்க நமக்கும் உரிமை இல்லையா? போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நேரம் வீணாகிறது என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். நான் செலவிட்டது நாளுக்கு ஒரு மணி நேரம். தவறு செய்தால் உயிர் போய்விடாது என்பதை அந்த ஒரு மணி நேரத்தில் கற்றேன். அதைக் கற்காதவர் எந்தத் தேர்வுக் கூடத்திலும் நடுங்கிக்கொண்டேதான் உட்கார வேண்டும்.

ஆகவே பேராசிரியப் பெருமக்களிடம் என் வேண்டுகோள்கள் இரண்டு. முதலாவது, ஆய்வுக்கூடத்தில் தவறாக வந்த அளவையும் உள்ளபடி எழுதி, ஏன் தவறியது என்று காரணம் காட்டும் மாணவருக்கு அதற்கென மதிப்பெண் தாருங்கள். திருத்தி எழுதும் வழக்கம் தானே மறையும். இரண்டாவது, வாரத்தில் ஒரு பிற்பகல், மதிப்பெண் இல்லாத ஒரு வேலைக்கு இடம் தாருங்கள். மெழுகுவர்த்தியாகவே இருக்க வேண்டியதில்லை. பாய் முடைதல், பனையோலைப் பெட்டி பின்னுதல், மோட்டாருக்குக் கம்பி சுற்றுதல் என நம் வீடுகளில் இல்லாத தொழில் எது? அந்தப் பிற்பகல்களில் மாதம் ஒரு முறையேனும் ஒரு மாணவரின் தாயையோ தந்தையையோ அழைத்து, நம் முன் நின்று செய்து காட்டச் சொல்லுங்கள். படித்த காரணத்தை நாம் சொல்வோம். பழகிய கையை அவர்கள் காட்டட்டும்.

தோழர் தோழியரே, உங்களுக்கு ஒன்று. ஏதேனும் ஒரு சிறு வேலையை எடுங்கள். ஒரு பழைய நோட்டை எடுங்கள். தவறியதைத் தவறியது என்றே எழுதுங்கள். என் நோட்டில் இதுவரை 31 மெழுகுவர்த்திகளின் கணக்கு இருக்கிறது. நேராக நின்று, புகையாமல், கடைசிவரை எரிந்தவை அவற்றில் நான்கே. நான் வாங்கிய அந்த ஒரு கிலோ மெழுகில் பெரும்பகுதி இன்னும் டப்பாவில்தான் இருக்கிறது. வருகிற விடுமுறையில் அதை மறுபடி உருக்குவேன். அம்மா பக்கத்தில் அமர்வதாகச் சொல்லியிருக்கிறார்.